தலையாட்டிய சம்மதம்

அத்தியாயம் 11

போன வாரம் றாபியா ஒரு சின்னப் பொய் சொன்னார். மகள் றிஸ்லாவைப் பெண் பார்க்க வந்த பல்லேபொல ஊர்ப் பெண்கள், அவளுடைய தகப்பனைப் பற்றி, "வாப்பா முன்னுக்கு வரல்லியே?" என்று கேட்டபோது, "அவர் கொஞ்சம் பேச்சுக் குறைச்சல்" என்று சொல்லி வட்டிலாப்பத்தை நீட்டினார். இனிப்பு வாய்க்குள் போனதும் கேள்வி நின்றுவிட்டது.

றாபியாவின் புருஷன் யஹ்யாவுக்காவது பேச்சுக் குறைச்சலாவது. கலேவெல சந்தையில் மாட்டு விலை பேசிய காலத்தில், அவர் குரலைக் கேட்டுத்தான் பாதிப் பேர் சந்தை தொடங்கிவிட்டது என்று தெரிந்துகொள்வார்கள். குறைந்துபோனது பேச்சு இல்லை, காது. காதோடு சேர்ந்து நடையும் போனது.

எல்லாம் ஒரு பசு செய்த வேலை. பாவம், பசுவைச் சொல்லியும் குற்றமில்லை. மூன்று வருடத்துக்கு முன் அது கன்று போட முடியாமல் கத்த, யஹ்யா கையை விட்டுச் செத்த கன்றை இழுத்து எடுத்தார். விரலில் அன்றைக்குத்தான் கத்தி வெட்டியிருந்தது. மூன்றாம் வாரம் காய்ச்சல் வந்தது. பின்னேரம் வரும், காலையில் போகும், மறுபடி வரும். டெங்கு என்றார்கள், எலிக்காய்ச்சல் என்றார்கள். கடைசியில் கண்டியில் ஒரு டாக்டர் அம்மாதான், வீட்டில் மாடு வளர்க்கிறீர்களா என்று கேட்டு, புருசெல்லா என்ற கிருமியைக் கண்டுபிடித்தார். அதற்குள் கிருமி மூளை வரைக்கும் ஏறி, காது நரம்பைத் தின்றுவிட்டது. மாதக்கணக்கில் மருந்து குடித்துக் காய்ச்சல் போனது. போன காது திரும்பி வரவில்லை.

காதுக்கு மெஷின் போட்டுப் பார்த்தார்கள். சத்தம் வந்தது, சொல் வரவில்லை. நடை இன்னும் மோசம். கண் திறந்திருக்கும்வரை சுவரைத் தொட்டுக்கொண்டு நடந்துவிடுவார். இருட்டினாலோ கண்ணை மூடினாலோ தரை எந்தப் பக்கம் என்று உடம்புக்குத் தெரியாது. போன மாதம் மஃரிப் தொழுகை நேரத்து இருட்டில் பஸ் ஸ்டாண்டில் இருந்து வரும்போது அவர் ஆடி ஆடி நடந்ததை யாரோ பார்த்து, "யஹ்யா நானா இப்ப பாவிக்கிறாராம்" என்று, அண்ணன் முறை வைத்தே, அவர் குடிப்பதாக ஒரு கதையைக் கட்டிவிட்டார்கள். வாழ்நாளில் சிகரெட்கூடத் தொடாத மனிதர்.

இதெல்லாம் சம்பந்தி வீட்டுக்குப் போகக் கூடாது என்பதுதான் றாபியாவின் ஒரே கவலை. குருநாகலில் இருந்து வந்த முந்தின சம்பந்தம், "இது பரம்பரையா வாறதா?" என்ற ஒரே கேள்வியோடு நின்றுபோனதை அவர் மறக்கவில்லை.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. மாப்பிள்ளை ஹுஸ்னியின் வாப்பா ஸஹாப்தீன் ஹாஜியார், ஆண்கள் இரண்டு பேரோடு நிக்காஹ் நாளைக் குறிக்க வருகிறார்.

வெள்ளிக்கிழமையைத் தெரிவுசெய்தது றாபியாதான். அதில் ஒரு கணக்கு இருந்தது. ஜும்ஆத் தொழுகைக்கு முன் குத்பா பிரசங்கம் நடக்கும்போது பள்ளிவாசலில் யாரும் வாய் திறக்கக் கூடாது. பேசுவதே இல்லாத இடத்தில் கேட்காதது யாருக்குத் தெரியப்போகிறது? பள்ளியில் ஒரு மணித்தியாலம் கழிந்துவிடும். வீட்டுக்கு வந்தால் சவன் என்ற பெரிய சாப்பாட்டுத் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும்போது வாயில் சோறு இருக்கும். மிச்ச நேரத்துக்குப் பதில் சொல்ல மகன் அன்ஸாப் இருக்கிறான்.

"ஸலாம் செல்லுங்க. சிரிங்க. போதும்" என்று போனில் எழுதி, விடியும் முன்னமே புருஷனுக்குக் காட்டிவிட்டார்.

பத்து மணிக்குள் றாபியா பாதைக்கும் குசினிக்கும் பதினைந்து தரம் நடந்திருப்பார். புரியாணிச் சட்டியைத் திறப்பார், மூடுவார், மறுபடி திறப்பார்.

"உம்மா, ஆவி எல்லாம் போகுது" என்றாள் றிஸ்லா.

"போகட்டும். ஒனக்கு என்த்த தெரியும்?"

"வாப்பாட காதப் பத்தி இன்டைக்கே செல்லிருவோம் உம்மா. எனக்குப் பயமா ஈக்கி."

"நிக்காஹ் முடியட்டும். பொறகு ஆறுதலா செல்லலாம்."

"நிக்காஹ்ல வாப்பாதானே மாப்புளட கையப் புடிக்கணும்? ஐந்நூறு பேருக்கு முன்னுக்கு. அப்ப எப்படி மறைப்பீங்க?"

றாபியா வெங்காயத்தை எடுத்தார். வெட்ட வேண்டிய வெங்காயமெல்லாம் காலையிலேயே வெட்டி முடிந்திருந்தது.

றிஸ்லா கேட்டது நியாயம்தான். நிக்காஹ் சபையில் பெண்ணின் வாப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, என் மகளை உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன் என்று சொல்ல வேண்டும். மாப்பிள்ளை, ஏற்றுக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும். மற்ற எதற்கும் ஆள் மாற்றலாம். இதற்கு மாற்றினால் நாலு பேர் காரணம் கேட்பார்கள்.

யஹ்யா அப்போது வெறும் மாட்டுப்பட்டியில் இருந்தார். மாடுகள் போய் இரண்டு வருடமாகிறது. ஒரு மாதமாக அவர் தினமும் அங்கே போய் நிற்கிறார், ஒற்றைக் கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு.

றிஸ்லா போய் முன்னால் நின்றாள். அவள் வாப்பாவோடு சத்தமில்லாமல்தான் பேசுவாள். உதட்டை மட்டும் நிதானமாக அசைப்பாள். கத்தினால் முகம் கோணுகிறது, சொல் பிடிபடுவதில்லை என்று யஹ்யாதான் சொல்லிக் கொடுத்திருந்தார்.

'ஆயத்தமா?' என்றாள்.

"கேளு" என்றார் யஹ்யா. "என்ட மகள் றிஸ்லாவ..."

அவள் கையை உயர்த்தினாள். சத்தம் கூடிவிட்டது என்று அர்த்தம். தன் குரல் தனக்கே கேட்காத மனிதருக்கு அளவு தெரிய வேறு வழியில்லை.

"என்ட மகள் றிஸ்லாவ ஒங்களுக்கு நிக்காஹ் செஞ்சி தந்தேன்." இந்தத் தரம் அளவு சரியாக இருந்தது. கம்பத்தை விட்டுவிட்டு, இல்லாத மாப்பிள்ளையின் கையை வலது கையால் பிடித்தபடி சொன்னார். உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. ஆனால் விழவில்லை.

"ஒன்ட உம்மாக்கிட்ட செல்லாத. அவ அழுவா" என்றார்.

றிஸ்லாவுக்கே அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு அவருடைய தொப்பியைச் சரிசெய்தாள்.

பல்லேபொல வேன் பன்னிரண்டு மணிக்கு வருவதாக இருந்து பன்னிரண்டே காலுக்கு வந்தது. யஹ்யாவும் அன்ஸாப்பும் காத்து நின்ற பள்ளிக்கே நேரே வந்தார்கள். ஸஹாப்தீன் ஹாஜியார் ஆள் வாட்டசாட்டம். நெஞ்சு வரை வெள்ளைத் தாடி, மேலுதட்டை மூடிய மீசை. இறங்கியதுமே யஹ்யாவைக் கட்டிப் பிடித்து ஸலாம் சொன்னார். யஹ்யா சிரித்தார். எல்லாம் றாபியா எழுதிக் கொடுத்தபடியே நடந்தது.

தொழுகைக்கு முன் முகம் கை கால் கழுவும் வுழுவை யஹ்யா வீட்டிலேயே செய்துவிட்டுத்தான் வந்திருந்தார். குழாயடியில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, ஒற்றைக் கையால் குழாயைப் பிடித்து, மற்றக் கையால் முகத்தைக் கழுவுவார். கண்ணை மூடவே மாட்டார். எரிந்தாலும் திறந்தே வைத்திருப்பார்.

ஹாஜியாருக்கு இன்னும் வுழு இல்லை. பயணக்காரர். யஹ்யாவின் தோளில் கையைப் போட்டு, பேசிக்கொண்டே ஹவுளுக்குக் கூட்டிப்போனார். ஹவுள் என்பது பள்ளி முற்றத்தில் இருக்கும் பெரிய தண்ணீர்த் தொட்டி. விளிம்பில் குந்தியிருந்துதான் கை கால் கழுவ வேண்டும். தனக்குப் பக்கத்தில் இடம் விட்டு, வாங்க என்று ஹாஜியார் கையைக் காட்டினார்.

வேண்டாம் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். சொல்லக் கூடாது என்பது வீட்டு உத்தரவு. சம்பந்தி கூப்பிட்டு மறுப்பது மரியாதையும் இல்லை. யஹ்யா குந்தினார்.

வேன் சாரதிக்கு நிழல் காட்டிக்கொண்டிருந்த அன்ஸாப் திரும்பிப் பார்த்தான். "வாப்பா" என்று கத்தினான். கத்தி என்ன பிரயோசனம்?

யஹ்யா இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்தார். நாற்பது வருடப் பழக்கம், தண்ணீர் பட்டதும் கண் மூடிக்கொண்டது. அடுத்த நிமிஷம் தலைகுப்புற ஹவுளுக்குள் கிடந்தார்.

இடுப்பளவுத் தண்ணீர்தான். எழுந்து நின்றால் முடிந்தது. ஆனால் யஹ்யாவுக்கு மேல் எது கீழ் எது என்று தெரியவில்லை. மேலே வருவதாக நினைத்து அடித்தரையைத் துழாவினார். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் முதலில் உள்ளே குதித்தது ஹாஜியார்தான், புது வெள்ளை ஜுப்பாவோடு. கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்கி விளிம்பில் சாய்த்தார்.

பின்னால் நின்ற யாரோ, "ஜும்ஆவுக்கும் போட்டுக்கிட்டா வாற?" என்று முணுமுணுத்தார்.

அது ஹாஜியாரின் காதில் விழுந்தது. தாடியில் தண்ணீர் சொட்ட, அவர் அன்ஸாப்பை ஒரு பார்வை பார்த்தார்.

றாபியா காதுக்குத்தான் திட்டம் போட்டிருந்தார். காலை மறந்துபோனார்.

குத்பா முழுக்க அன்ஸாப்புக்கு ஒரு சொல்லும் ஏறவில்லை. கலேவெலயில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிற இருபத்தாறு வயதுக்காரன். ஊர் பேசுவதற்கு உம்மாவைவிட இவன்தான் கூடப் பயப்படுகிறவன். குடிகாரன் மகன் என்ற பெயரா, செவிடன் மகன் என்ற பெயரா என்று உள்ளுக்குள் தராசு பிடித்துக்கொண்டிருந்தான். தொழுகை முடிந்து வெளியே வந்ததும், யஹ்யா சுவரோரம் நடந்து முன்னால் போக, அவன் ஹாஜியாரை நிறுத்தி எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். பசு, கன்று, கிருமி, காது, நடை எல்லாம்.

ஹாஜியார் இன்னும் ஈரம் காயாத ஜுப்பாவை உதறிவிட்டார்.

"நோய் அல்லாஹ் தாறது மகன். எனக்கும் சீனி வருத்தம் ஈக்கி. மறச்சீங்களே, அதுதான் எனக்குப் புடிக்கல்ல."

"உம்மா பயந்துட்டாங்க ஹாஜியார்."

"ம். ஒரு வேல செய்வோம். நிக்காஹ்ல கை புடிக்கிற பொறுப்ப வாப்பா ஒனக்குத் தரட்டும். மார்க்கத்துல அதுக்கு இடம் ஈக்கி. எங்கட ஊரு ஆக்கள் ஐந்நூறு பேர் வருவாங்க. மேடைல இன்டைக்கு மாதிரி விழுந்தார்ன்டா, வெக்கம் அவருக்குத்தானே?"

அவர் கெட்ட மனதோடு சொல்லவில்லை. ஜுப்பா நனைய ஹவுளில் குதித்த மனிதர். அதனாலேயே அன்ஸாப்புக்கு மறுக்க வாய் வரவில்லை. உள்ளதைச் சொன்னால், கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

வீட்டில் சவன் வைத்திருந்தது. ஹாஜியார் உட்காரவில்லை.

"சாப்பாடு பொறகு. பேச்ச முடிப்போம்" என்று கதிரையை இழுத்து யஹ்யாவுக்கு எதிரே போட்டார்.

குசினி வாசலில் திரைக்குப் பின்னால் றாபியாவும் றிஸ்லாவும் நின்றார்கள். ஆண்கள் பேச்சு வைக்கும் இடத்துக்குக் கல்யாணப் பெண் வருவது வழக்கமில்லை. அன்ஸாப் உள்ளே வந்து நாலு வசனத்தில் விஷயத்தைச் சொன்னான். றாபியா நெஞ்சில் கையை வைத்தார்.

"சம்பந்தம் ஈக்கித்தானே? முறியல்லியே?"

"முறியல்ல உம்மா. நான் கை புடிச்சாச் சரியாம்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் றாபியா.

றிஸ்லா திரையை விலக்கிப் பார்த்தாள்.

ஹாஜியார் முன்னுக்குச் சாய்ந்து, கேட்கட்டும் என்று உரத்துப் பேசினார். "யஹ்யா நானா, நிக்காஹ்ல அன்ஸாப் கை புடிக்கட்டும். ஒங்களுக்குக் கஷ்டம் வேணாம். சம்மதமா?"

யஹ்யா அவர் முகத்தைப் பார்த்தார். அந்தத் தாடிக்கும் மீசைக்கும் இடையில் உதட்டைக் காணவே முடியவில்லை. காலையில் எழுதிக் காட்டியது ஞாபகம் வந்திருக்க வேண்டும். சிரித்தார். சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

"அல்ஹம்துலில்லாஹ். முடிஞ்சிது" என்றார் ஹாஜியார். "அடுத்த மாசம் பதினாலு நல்லா ஈக்கா?"

யஹ்யா அதற்கும் தலையை ஆட்டினார்.

வாப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று அன்ஸாப்புக்குத் தெரியும். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். றாபியாவுக்கும் தெரியும். அவர் சோற்றுக் கரண்டியை எடுக்கப் போனார். இரண்டு பேருமே யஹ்யாவை நேசிக்கிறவர்கள். இரண்டு பேருமே வாயை மூடிக்கொண்டார்கள்.

ஒரு மாதமாக மாட்டுப்பட்டியில் கம்பத்தை விட்டு நிற்கப் பழகிய மனிதர், என்ன கொடுத்துவிட்டோம் என்றே தெரியாமல் கொடுத்துவிட்டு, விருந்தாளியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். றிஸ்லா திரையைத் தாண்டினாள்.

"எங்க போறாய்?" என்று றாபியா கையைப் பிடித்தார். அவள் உதறினாள்.

முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, மூன்று அந்நிய ஆண்களுக்கு நடுவே நடந்து போய், வாப்பாவின் காலடியில் முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். பல்லேபொலக்காரர் ஒருவர் எழுந்தே விட்டார்.

றிஸ்லா உதட்டை அசைத்தாள். சத்தமே இல்லை. யஹ்யாவின் முகத்தில் சிரிப்பு மெதுவாகக் குறைந்துகொண்டே போனது. பிறகு அவர் மகனைப் பார்த்தார். அன்ஸாப் நிமிரவில்லை.

"ஹாஜியார்" என்றார் யஹ்யா. பழைய சந்தைக் குரல் அது. அடுத்த வீட்டு வளவு வரைக்கும் கேட்டிருக்கும். றிஸ்லா கையை உயர்த்தவில்லை. "நான் தலய ஆட்டினது வெளங்காம. அது சம்மதம் இல்ல. மூணு வருஷமா எல்லாத்துக்கும் அப்படித்தான் ஆட்டிக்கிட்டு ஈக்கேன். ஒங்கள ஏமாத்தினோம், அதுக்கு மாப்புக் கேக்கிறேன். ஆனா என்ட புள்ளய நான்தான் குடுப்பேன்."

ஹாஜியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"விழுந்தா விழுறேன்" என்றார் யஹ்யா. "கதிர ஒன்டு போட்டாக் குந்திக்கிட்டே குடுப்பேன். மாப்புள ஏத்துக்கொண்டேன்னு செல்றது எனக்குக் கேக்காது. கேக்க வேண்டிய சாட்சி ரெண்டு பேருக்குக் காது ஈக்கித்தானே. எனக்கு அவர்ட கை போதும்."

"பேச்சு மாறினா நாங்க யோசிக்கணும் நானா" என்றார் ஹாஜியார். குரல் இறுகியிருந்தது. யஹ்யாவிடம் பேசிப் பயனில்லை என்று நினைத்தோ என்னவோ, றிஸ்லாவைப் பார்த்தார். "மகள், நீங்களாவது எடுத்துச் செல்லுங்க. ஒரு கைக்காக ஒங்கட வாழ்க்கய..."

வந்தவர்கள் முன்னால் றிஸ்லா முதல் தடவையாகச் சத்தம் போட்டுப் பேசினாள்.

"மாமா, என்ட வாப்பா புடிக்காத கைய எனக்குப் புடிக்க ஏலா."

குசினியில் கரண்டி கீழே விழுந்தது. றாபியா திரையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். மறைத்து மறைத்துக் காப்பாற்றிய சம்பந்தம், முறிந்தது போலத்தான் இருந்தது. மகளை ஓங்கி அறைய வேண்டும் போலவும், கட்டிப் பிடிக்க வேண்டும் போலவும் ஒரே நேரத்தில் வந்தது.

ஹாஜியார் எழுந்தார். வாசல் வரை போனார். கூட வந்தவர்கள் செருப்பை மாட்டத் தொடங்கினார்கள். அவர் மாட்டவில்லை. நின்று யோசித்தார். பிறகு திரும்பி வந்து, பாக்கெட்டில் இருந்து போனை எடுத்தார்.

"கட்டப்போறது நான் இல்ல" என்றார். "அவன் செல்லட்டும்."

ஹுஸ்னி அந்த நேரம் தம்புள்ளையில் மரக்கறி லொறி ஏற்றிக்கொண்டிருந்தான். ஹாஜியார் போனை ஸ்பீக்கரில் போட்டு, சவனுக்குப் பக்கத்தில் வைத்தார். நடந்ததை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். நேர்மையான மனிதர்தான். பெண்ணின் வாப்பாவுக்குக் காது கேட்காது, நடை சரியில்லை, மறைத்துவிட்டார்கள், இப்போது கையைத் தானே பிடிப்பேன் என்கிறார், பெண்ணும் அதையே சொல்கிறாள். "நீ என்த்த செல்றாய்?"

போனில் லொறிச் சத்தமும் ஆட்கள் கூப்பிடும் சத்தமும் கேட்டன. பிறகு ஹுஸ்னி பேசினான். அதிகம் பேசவில்லை. ஒரே ஒரு வசனம்.

அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அது கேட்டது, ஒருவரைத் தவிர.

யஹ்யா மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்த்தயாம்?" என்று கேட்டார். பதில் வரவில்லை. அவளுடைய தோளைத் தொட்டு, "என்த்தயாம் மகள்?" என்று மறுபடி கேட்டார்.

றிஸ்லாவின் உதடு அசையவே இல்லை.